கீலக்காவின் கையுறை

செயற்கைக்கோளைப் பாகம் பாகமாகப் பூட்டும் அந்தக் கூடத்துக்குள் காற்றுகூட வடிகட்டப்பட்ட பிறகுதான் நுழையும். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். தலைமுடியையும் தாடியையும் மூட வேண்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, ஒரு சின்ன அறையில் நின்று நாலாபுறமும் காற்றடி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் உள்கதவு திறக்கும். ஒரு தூசி, ஒரு முடி, ஒரு துளி வியர்வை தப்பி உள்ளே போய்விடக் கூடாது. இத்தனை ஏற்பாடு செய்த மனிதர்கள், தங்கள் தலைக்குள் இருந்த பழைய கருத்துகளை மட்டும் வடிகட்டாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனார்கள். அவற்றைப் பிடிக்கும் இயந்திரத்தை எந்த நாட்டு விஞ்ஞானியும் இன்னும் செய்யவில்லை.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர் கீலக்கா. அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சம்பளப் பிரிவைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை. செயற்கைக்கோளுக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடுகள், ராக்கெட்டுக்குள் இடம் போதாது என்பதால் கதவுபோல மடித்துக் கட்டப்பட்டிருக்கும். விண்வெளிக்குப் போன பிறகு அவை தானாகவே விரிந்து, கடைசியில் தாழ்ப்பாள் விழ வேண்டும். அந்தக் கதவுக்குக் கீல் செய்கிற பொறியாளர் இவர். கீல் விரியாவிட்டால் செயற்கைக்கோள் குருட்டுப் பாறாங்கல். எத்தனை ஆண்டு உழைப்பும் கிணற்றில் போட்ட கல்தான். இளையவர்கள் கீலக்கா என்றார்கள். மூத்தவர்கள் கீல் மேடம் என்றார்கள். "பேர்ல வேலையே இருக்கே, இதைவிட என்ன பட்டம் வேணும்?" என்பார் அவர்.

அம்மா தையல்காரி. ஒரு சந்தில், வெளிச்சத்துக்காக எப்போதும் திறந்தே கிடந்த ஒரு முன்னறையில் மிஷினைப் போட்டு ஊருக்கெல்லாம் தைத்தாள். மகள் அந்த மிஷினுக்குக் கீழே வளர்ந்தவள். மிதிகட்டை அசைய எப்படி மேலே சக்கரம் சுழல்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே பார்த்துத் தெரிந்துகொண்டவள். மதிப்பெண் வந்தபோது இயந்திரப் பொறியியல்தான் படிப்பேன் என்றாள். அண்ணன் குதித்தான்.

"மெக்கானிக்கலா? கிரீஸ்லயா கை வைக்கப்போற? நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?"

"கிரீஸ் சோப்பு போட்டாப் போயிடும்ண்ணே. நீ பேசுறதுதான் எது போட்டாலும் போகமாட்டேங்குது."

கல்லூரிப் பட்டறையில் அவர் ஒருவர்தான் பெண். கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போன முதல் நாளே ஆசிரியர் தடுத்தார். "நீ தள்ளி நின்னு பார்த்துக்கோம்மா. முடி மாட்டிக்கும்." மறுநாள் கீலக்கா முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்து நின்றார். "முடிதானே சார் பிரச்சினை?" ஆசிரியர் வழிவிட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். தட்டலாம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுழலும் பாகத்துக்கு ஒரு தகரக் காப்பு போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் முடியும் பிழைத்திருக்கும், அதற்கு முந்தின வருடம் சட்டைக் கை சிக்கி விரலை இழந்த பையனின் விரலும் பிழைத்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. இயந்திரம் இருந்தபடியே இருந்தது. வெட்டிக்கொள்ள வேண்டியவள் பெண் என்று முடிந்துபோனது.

கட்டிக்கொள்ள ஒருவர் வந்தார். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறை நர்ஸ். ஆண் நர்ஸ் என்றதும் அண்ணனுக்கு மறுபடியும் தலை சுற்றியது. "அவ ராக்கெட்டு, இவரு ஊசியா? எல்லாம் தலைகீழா இருக்கே!" என்று பந்தியில் உட்கார்ந்தே புலம்பினான். மாப்பிள்ளை இலையிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்: "ரெண்டும் மேல ஏறுறதுதான் மச்சான். குத்துற இடம்தான் வேற."

வேலையில் அவர் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறைதான் முதல் தடவையாகக் கீல் வேலை முழுவதற்கும் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்திருந்தது. அதோடு இன்னொன்றும் வந்திருந்தது.

தகடுகள் தவறிப்போய் விரிந்துவிடாமல் இருக்க, கீலில் ஒரு பாதுகாப்பு ஊசி செருகியிருப்பார்கள். அதன் தலையில் சிவப்பு நாடா தொங்கும். ராக்கெட்டின் உச்சியில் செயற்கைக்கோளை ஏற்றி, மூடுவதற்குச் சற்று முன்பு, கோபுரத்தில் ஏறிப்போய் அந்த ஊசியை உருவ வேண்டும். மனிதக் கை கடைசியாகத் தொடுவது அதைத்தான். யார் உருவுவது என்பதில் அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: பூட்டிய கையே உருவ வேண்டும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஊசி எந்தக் கோணத்தில் எவ்வளவு இறுக்கமாக வரும் என்பது செருகிய விரலுக்குத்தான் தெரியும். காரணத்தோடு பிறந்த வழக்கம். அப்படிப்பட்டவை உலகத்தில் குறைவு, அதனால் மதிக்கத் தக்கவை.

போன செயற்கைக்கோளில் ஒரு கீலைப் பூட்டியவர் கீலக்காதான். ஆனால் ஊசியை உருவ வேறொருவர் போனார். "டவர் மேல லேடீஸுக்கு டாய்லெட் வசதி இல்லம்மா" என்று காரணம் சொன்னார்கள். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை அண்ணாந்து பார்ப்பதாக இல்லை.

கூடத்தில் தகடு விரிப்புச் சோதனை நடந்த அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். விண்வெளியில் எடை கிடையாது, தரையில் உண்டு. அதனால் தகட்டை மேலே தண்டவாளத்திலிருந்து கம்பிகளில் தொங்கவிட்டு அதன் எடையைத் தாங்கிக்கொள்வார்கள். கட்டளை போனது. பிடி விட்டது. நீலத் தகடு மெல்ல, பரவசமாக, ஒரு பெரிய பறவை சோம்பல் முறிப்பதுபோல விரிந்தது. முக்கால்வாசிக்கு மேல் போனது. கடைசியில் 'டக்'கென்று தாழ்ப்பாள் விழும் சத்தம் வர வேண்டும்.

வரவில்லை. இரண்டு விரல் இடைவெளியில் தகடு நின்றுபோனது.

காற்று வடிகட்டியின் ரீங்காரம் மட்டும் கேட்டது. கீலக்கா ஏணியில் ஏறி, மேல் கீலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். தாழ்ப்பாள் விழும் பள்ளத்தில் ஏதோ வெள்ளையாக இருந்தது. இடுக்கியால் எடுத்தார். நகக்கண் அளவு ரப்பர். கையுறையின் நுனி.

அதைப் படம் பிடித்து, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். எங்கிருந்தோ வந்து விழுந்த பொருள் என்று சொல்லியிருக்கலாம். எல்லார் உறையும் ஒரே மாதிரிதான், நிரூபிக்கவே முடியாது. அவர் ஏணியின் கடைசிப் படியிலிருந்தே சொன்னார்:

"இது என் கையுறைதான். மேல் கீலை நான் மட்டும்தான் பூட்டினேன். கீலை விரிக்கிற சுருள்வில்லைச் சுத்தும்போது நுனி கடிபட்டு அறுந்திருக்கு."

நேர்மைக்கு உடனே பலன் கிடைத்தது. மாலைக்குள் தேநீர் அறையில் பேச்சு முளைத்துவிட்டது. "கை சின்னது, வேலை பெரிசு" என்று ஒருவர். "வீட்டு நெனப்புல இருந்திருப்பாங்க" என்று இன்னொருவர். இதே கூடத்தில் ஓர் ஆண் பொறியாளர் திருப்புளியைக் கருவிக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார். அன்று அவருடைய வீட்டு நினைப்பைப் பற்றி யாரும் ஆராயவில்லை. ஓர் ஆண் தவறினால் அந்த ஆள் தவறினான். ஒரு பெண் தவறினால் பெண் இனமே தவறிவிடுகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் நிறைந்த கட்டடத்தில் ஓடும் கணக்கு இது.

மறுநாள் திட்ட இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அதுதான் சிக்கல். அதிர்ந்து பேசுகிறவரை எதிர்த்துக் கத்தலாம்.

"உட்காருங்கம்மா. நீங்களே ஒத்துக்கிட்டீங்க, பெரிய மனசு. கீலைச் சுத்தம் பண்ணி மறுபடி பூட்டிடலாம். காரணம்னு 'ஊழியரின் கவனக்குறைவு'ன்னு போட்டு முடிச்சிடுவோம். டவருக்கு மட்டும் தம்பி போகட்டும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு மேல ஏதாவது ஆச்சுன்னா உங்க பேரு கெட்டுடக் கூடாது பாருங்க."

தம்பி என்பது கீலக்காவின் உதவிப் பொறியாளர். ஒல்லியான, அதிகம் பேசாத இளைஞன். அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவான்.

"ஆய்வுக் கூட்டத்துல பேசிக்கலாம் சார்" என்று கீலக்கா எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் மேசையில் வீட்டுப்பாடம் என்ற பெயரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீலக்கா பையை நாற்காலியில் எறிந்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு உறை போட்டிருந்தியா?" என்றார் கணவர், கத்தியை நிறுத்தாமல்.

"ரெண்டுதான் போடணும். அதுதான் விதி. மேல் உறை கிழிஞ்சாலும் உள்ள ஒண்ணு இருக்கணும்."

"அப்புறம் எப்படிக் கிழிஞ்சது தெரியாமப் போச்சு? எங்க டாக்டருக்கு ஒரு பொத்தல் விழுந்தா உடனே தெரியும், கத்துவாரு."

"எப்படித் தெரியும்? என் விரல் முடிஞ்சு அதுக்கப்புறமும் உறை நீட்டிட்டு இருக்கு. காலியான நுனி அறுந்தா விரலுக்கு எப்படித் தெரியும்?"

கத்தி நின்றது. "ஏன் நீட்டிட்டு இருக்கு? உன் சைஸ் போடலையா?"

"எங்ககிட்ட ஒரே சைஸ்தாங்க. பெரிசு."

நர்ஸ் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே சைஸா? எங்க ஆஸ்பத்திரியில அரை அரை சைஸா அடுக்கி வச்சிருக்கோம். எலும்பு டாக்டர் கை மண்வெட்டி மாதிரி, அவருக்குன்னே தனியா ஒண்ணு வருது. குடலை ஒட்டுறதுக்கு அளவு பார்க்கிறோம், நீங்க விண்வெளிக்கு அனுப்புறதை அளவு பார்க்காம பண்றீங்களா?"

"கேட்டிருக்கேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கேன். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்'னு ஸ்டோர்க்காரர் சொல்வாரு. நானும் மணிக்கட்டுல டேப்பைச் சுத்திக்கிட்டு, அங்கியோட கையை மடிச்சு விட்டுக்கிட்டு, அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டே இருந்துட்டேன்."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, ஒரு நட்டு லூஸா இருந்தா நீ என்ன பண்ணுவ?"

"வேண்டாம்னு திருப்பி அனுப்புவேன்."

"உறை லூஸா இருந்தா மட்டும் டேப் ஒட்டுவியா? போம்மா."

அடுத்த அறையில் போன் அடித்தது. தையல்காரி அம்மா. விஷயம் எப்படியோ அண்ணன் வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் துக்கம் விசாரிக்கவில்லை. கதையை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்:

"அளவெடுக்காம தைச்சவன் எவன்டி? ஆளுக்குத்தான் துணியை வெட்டணும். துணிக்கு ஆளை வெட்டுவாங்களா?"

அந்த வீட்டில் அன்று கீலக்காவைத் தவிர எல்லோரும் பொறியாளர்கள்போலப் பேசினார்கள். அவருக்குக் கோபம் வந்தது, தன்மேல்தான். இத்தனை நாள் கேட்டது வசதிக்காக. கேட்டிருக்க வேண்டியது தரத்துக்காக.

மறுநாள் அவர் வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தன் ஆள்காட்டி விரலையும் உறையின் விரலையும் அளந்தார். பிறகு தரக்கட்டுப்பாட்டுத் தலைவரின் அறைக்குப் போனார். அந்தப் பெரியவருக்குக் கூடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். சட்டைப் பையில் ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்து நீட்டாமல் அவர் கையெழுத்துக்கூடப் போடமாட்டார்.

"சார், உங்க விரலை அளக்கணும்."

"எதுக்கு? மோதிரம் போடப்போறீங்களா?"

"கூட்டத்துல ஒரு சோதனை வேணும். நீங்கதான் பண்ணணும்."

பூதக்கண்ணாடி விரலை நீட்டினார். "இந்தாங்க. ஆனா முன்னாடியே சொல்லிடுறேன். எனக்கு ஆம்பளை பொம்பளைங்கிற கதையெல்லாம் வேண்டாம். ஆதாரம் இருந்தா கொண்டாங்க, இல்லேன்னா கவனக்குறைவுதான்."

"அதேதான் நானும் கேக்கிறேன் சார்."

ஆய்வுக் கூட்டத்தில் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. காரணம்: ஊழியரின் கவனக்குறைவு. தீர்வு: மாற்று ஊழியர். இயக்குநர், "வேற ஏதாவது இருக்கா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

கீலக்கா எழுந்தார்.

"சார், போன வருஷம் ஒரு போல்ட் உடைஞ்சது. ஏன் உடைஞ்சதுன்னு கேட்டோம். இறுக்கம் அதிகம்னு வந்தது. ஏன் அதிகம்னு கேட்டோம். இறுக்குற கருவி தப்பு காட்டுதுன்னு வந்தது. அது ஏன் தப்பு காட்டுதுன்னு கேட்டு, சரிபார்க்கிற முறையையே மாத்தினோம். ஒரு போல்ட்டுக்கு அத்தனை ஏன் கேட்டோம். எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு நிறுத்திட்டீங்க. போல்ட்டுக்குக் குடுத்த மரியாதையை எனக்கும் குடுங்க."

யாரோ சிரித்தார்கள். பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. "கேளுங்க" என்றார்.

கீலக்கா மேசையில் மூன்று பொருள்களை வைத்தார். ஓர் உதிரிக் கீல். வில்லைச் சுற்றும் சாவி. கணவர் மருத்துவமனைக்கு உறை தரும் கடையில் வாங்கிவந்த, எலும்பு டாக்டர் அளவுக் கையுறைகள்.

"ஸ்டோர்ல இருக்கிற உறை என் விரலுக்கு எவ்வளவு நீளமோ, இந்த உறை சாரோட விரலுக்கு அதே அளவு நீளம். அளந்து பார்த்துட்டேன், நீங்களும் பாருங்க. சார் இந்தப் பிரிவுல பல வருஷம் வில் சுத்தினவர். அவர் இதைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை சுத்தட்டும். வழக்கமா எப்படிப் பண்ணுவாரோ அப்படி."

பூதக்கண்ணாடி வழக்கமான நீல உள்ளுறையை மாட்டி, அதன்மேல் அந்த வெள்ளை உறையை இழுத்துக்கொண்டார். நுனிகள் தொங்கின. "இந்தக் கை சுத்தின வில்லெல்லாம் இன்னும் மேல சுத்திட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினார். வில் இறுகி இடத்தில் உட்கார்ந்தது. கையைத் தூக்கிக் காட்டினார். உறை முழுசாக இருந்தது.

மேசையைச் சுற்றிப் புன்னகை ஓடியது. இயக்குநர் தொண்டையைச் செருமினார். "பரவாயில்லம்மா, விடுங்க..."

"நானும் இத்தனை வருஷமா தப்பிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் சார்" என்றார் கீலக்கா. "ஒரு தடவை தப்பிச்சா பாதுகாப்புன்னு நாம எந்தப் பாகத்தையும் ஒத்துக்கிட்டதில்ல. மறுபடி பண்ணுங்க."

மறுபடி சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை. பூதக்கண்ணாடிக்கே இப்போது சுவாரசியம் வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே வில்லைக் கழற்றி மீண்டும் சுற்றினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பையனைப்போல, முழுக் கவனத்தோடு சுற்றினார். வில் உட்கார்ந்தது. அவர் நிமிர்ந்து ஆள்காட்டி விரலைக் கீலக்காவை நோக்கி நீட்டினார்.

"பார்த்தீங்களா? கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது. எங்க கிழிஞ்சது, சொல்லுங்க?"

எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். நீட்டிய விரலின் நுனியில் வெள்ளை இல்லை. உள்ளுறையின் நீலம் எட்டிப் பார்த்தது.

தம்பிதான் முதலில் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். பூதக்கண்ணாடி தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கீலுக்குள் குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது இடுக்கியில் வெள்ளைத் துணுக்கு இருந்தது.

"அதே இடம்" என்றார். "எனக்குத் தெரியவே இல்ல. கண்ணு முன்னாடி ஆட்டிக்கிட்டே இருந்திருக்கேன்." பிறகு திரையைக் காட்டினார். "அந்தக் கவனக்குறைவை அழிங்க. எழுதுறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எழுதணும்."

"சரி, ஏன் ஒரே சைஸ்?" என்று அடுத்த கேள்வியை அவரே கேட்டார். ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்று, "ஆரம்பத்துல இருந்தே அதான் சார் வாங்குறோம். வேற வாங்கச் சொல்லி மேல இருந்து வரலையே" என்றார். எல்லோரும் மேலே இருந்தவரைப் பார்த்தார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப யார் இருந்தாங்களோ அவங்க கையைப் பார்த்து வாங்கினோம். அந்தக் காலத்துல இந்தக் கூடத்துல லேடீஸ் யாரும் இல்லையேம்மா."

"இப்ப இருக்கோம் சார்."

இவ்வளவுதான் பேச்சு. இந்த மூன்று சொல்லுக்காகத்தான் உலகம் முழுக்கப் பெண்கள் பொதிபொதியாக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டோம், உள்ளே வரலாம் என்கிறார்கள். உள்ளே போனால் நாற்காலி, மேசை, அங்கி, உறை எல்லாம் இன்னொருவர் அளவில் இருக்கிறது. பொருந்தாதபோது குறை நாற்காலியில் இல்லை, உட்கார்ந்தவளிடம்!

இயக்குநர் தோல்வியை ஒப்புக்கொள்வதிலும் மென்மையானவர். "சரி, உறை மாத்திடலாம். எல்லா அளவும் வாங்குவோம். ஆனா டவருக்குத் தம்பி போகட்டுமே? எதுக்கு ரிஸ்க்?"

"ரிஸ்க் உறையில இருந்தது. அதைத் தூக்கியாச்சு" என்றார் கீலக்கா. "இன்னும் என்னை எதுக்குத் தூக்கணும்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, நான் உட்கார்ந்துக்கிறேன்."

இயக்குநர் தம்பியைப் பார்த்தார், ஏதோ உதவி கேட்பதுபோல. தம்பி நெளிந்தான். பிறகு கையைத் தூக்கினான். பேச அனுமதி கேட்டானா, கையைக் காட்டினானா என்று முதலில் புரியவில்லை.

"சார், என் விரலும் அக்கா விரல் மாதிரிதான். எனக்கும் அந்த உறை லூஸுதான். சொன்னா பொம்பளை கைன்னு கிண்டல் பண்ணுவாங்கன்னு சொல்லல. நான் போயிருந்தா ரிஸ்க் குறைஞ்சிருக்காது சார், யாருக்கும் தெரியாம இருந்திருக்கும், அவ்வளவுதான்."

பூதக்கண்ணாடி கிழிந்த உறையைக் கழற்றிக் கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பூட்டின கை உருவணும். இது இங்க இருக்கிற வழக்கம். மாத்தணும்னா காரணம் எழுதிக் குடுங்க. நான் ஏன்னு கேப்பேன்" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனார். காரணம் எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

புது உறைகள் வந்தன. ஸ்டோர்க்காரர் சின்ன அளவைப் பெயருக்குக் கொஞ்சமும், பெரிய அளவை நிறையவும் வாங்கி அடுக்கினார். ஒரே வாரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு கீலக்காவிடம் வந்தார்.

"மேடம், சின்ன சைஸெல்லாம் தீர்ந்துபோச்சு. பெரிசு அப்படியே கெடக்கு. நீங்க லேடீஸ் மொத்தமே விரல் விட்டு எண்ணிடலாம். யார்தான் எடுக்கிறாங்க?"

"கதவு பக்கத்துல நின்னு பாருங்கண்ணே."

நின்று பார்த்தார். மீசை வைத்த ஆட்கள், தேநீர் அறையில் 'கை சின்னது' என்று சொன்னவர் உட்பட, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சின்ன அளவுப் பெட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீலக்கா கூடத்தில் ஒரு புது விதியும் கொண்டுவந்தார். கீலில் ஒவ்வொரு வேலை முடிந்ததும், உறையைக் கழற்றும் முன், பக்கத்தில் இருப்பவருக்குப் பத்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும். அவர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். பிறகு பழகிப்போனது.

ஏவுதளத்தில் கோபுரத்தின் மின்தூக்கி கடைசித் தளம்வரை போகாது. கடைசியில் இரும்பு ஏணிதான். கீலக்கா முன்னால் ஏற, தம்பி கருவிப்பையோடு பின்னால் ஏறினான். காற்று பலமாக இருந்தது. கீழே கார்கள் தீப்பெட்டிபோலத் தெரிந்தன. மேல்தளத்தை அடைந்ததும் கீலக்கா நின்று நாலு பக்கமும் தேடினார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"ஜென்ட்ஸ் டாய்லெட் எங்க இருக்கு?"

தம்பி விழித்தான். "இங்க எதுவும் இல்லக்கா. யாருக்குமே இல்ல. எல்லாரும் கீழதான் போகணும்."

கீலக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். போன தடவை அவரைக் கீழே நிறுத்திய காரணத்தை, சொன்னவர்களில் ஒருவர்கூட ஏறிப் பார்த்ததில்லை!

உள்ளே குனிந்து நுழைந்து, உறை மாட்டிக்கொண்டார். நுனிவரை விரல் இருந்தது. சிவப்பு நாடாவைப் பிடித்து, ஊசியை அது வர விரும்பும் கோணத்தில் மெல்லத் திருப்பி இழுத்தார். செருகியபோது எப்படிப் போனதோ அப்படியே வழுக்கி வந்தது. ஊசியைப் பையில் போட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பிப் பத்து விரலையும் விரித்தார். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"சரிக்கா."

"உன்னுதைக் காட்டு."

அவனும் காட்டினான். அத்தனை உயரத்தில், அத்தனை பெரிய ராக்கெட்டின் தலைக்குள், பூ விரிவதுபோல இருவரும் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

விண்வெளியில் தாழ்ப்பாள் விழும் சத்தம் யாருக்கும் கேட்காது. கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஒரு வரி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும், அவ்வளவுதான். மாறியது. அறை கைதட்டியது. இயக்குநர் வந்து கை கொடுத்தார். பூதக்கண்ணாடி எட்டி நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

கீலக்கா வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தார்.

"விரிஞ்சிடுச்சும்மா."

"அளவு சரியா இருந்துச்சா?"

"உறை கச்சிதமா இருந்துச்சு."

"டிவியில நீ கூடத்துல வேலை பார்க்கிறதைக் காட்டினாங்கடி. உறை சரிதான். அந்த வெள்ளை அங்கி என்ன, சாக்குல பூனையைக் கட்டின மாதிரி தொங்குது? கையை மடிச்சு வேற விட்டிருக்க. கொண்டா, பிடிச்சுத் தைச்சுத் தர்றேன்."

"நீ தைக்க வேண்டாம்மா" என்றார் கீலக்கா. "தைக்க வேண்டியவங்க தைக்கட்டும். அதுக்குத்தான் திங்கட்கிழமை மீட்டிங் போட்டிருக்கேன்."